அந்தப் பக்கம் திரும்பிய பீலி

வீடு கட்டுகிறவர்களுக்கு ஆயிரம் கேள்வி இருக்கும். அது நியாயம். அவர்களுடைய வீடு, கேட்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதைவிடக் கூடுதலாகக் கேள்வி இருக்கும் பாருங்கள், அதில்தான் எனக்கு மண்டை கொதிக்கும். எல்லையில இருந்து எத்தின அடி விட்டிருக்கீங்க, பிளான் பாஸ் பண்ணினதா, உங்கட யன்னல் ஏன் எங்கட பக்கம் பாக்குது, உங்கட மணல் ஏன் எங்கட கிணத்துக்குள்ள பறக்குது. நானும் விடமாட்டேன், பதிலுக்குப் பதில் கத்துவேன். ஆரையம்பதியில் வீடு கட்டிக் கொடுக்கிற கொந்தராத்துக்காரன் கதிர்காமத்தம்பி என்றால் கோபக்காரன் என்று எல்லாருக்கும் தெரியும். "வாய மூடிக்கிட்டு உங்களுக்குச் சுவர் கட்டத் தெரியாதா?" என்று என் மனைவி ஆச்சிப்பிள்ளையே கேட்பாள். தெரியாது, என்ன செய்ய.

ஆனால் ஒரு விடயத்தில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது. நான் கட்டிய கூரையில் விழுந்த மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டு வளவுக்குள் போனதாக இன்றுவரை ஒரு முறைப்பாடு கிடையாது. யன்னல் பிரச்சினையைப் பேசித் தீர்க்கலாம். மதில் பிரச்சினையையும் தீர்க்கலாம். தண்ணீர்ப் பிரச்சினை தீராது, ஒவ்வொரு மாரி மழைக்கும் புதிதாக முளைக்கும். அவரவர் கூரைத் தண்ணீர் அவரவர் நிலத்தில்தான் விழவேண்டும். சட்டமும் அதுதான், மரியாதையும் அதுதான். அதனால் கூரைத் தண்ணீரை வாங்கி இறக்குகிற பீலி பூட்டுகிற நாளில் வேறு ஒருவரையும் நான் ஏணியில் ஏற விடுவதில்லை.

காத்தான்குடியில் நிஸ்றாவின் வீட்டு வேலையை நான் எடுத்தது சித்திரைக்குப் பிறகு. வாவிப் பக்கமாகப் போகும் ஒழுங்கையில் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு. நிஸ்றா கணவரோடு கட்டாரில் இருந்தாள். போய்ப் பன்னிரண்டு வருடமாம், ஒரு தடவைகூட வரவில்லையாம். எனக்கு அவள் முகமே தெரியாது, குரல்தான் தெரியும். எல்லாம் போனில் வொய்ஸ் போட்டுத்தான் சொல்வாள். "வணக்கம் பாஸ்" என்று தொடங்கினால் முடிவதற்குள் நான் ஒரு வரிசை கல் வைத்துவிடுவேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அக்காள், அவர்கள் பேச்சில் ராத்தா, உம்மு குல்தூமின் வீடு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்துவைப்பார்கள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தமிழரிலும் அப்படித்தான், முஸ்லிம்களிலும் அப்படித்தான். ஆகவே உம்மாவின் வளவைப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் கொடுத்தால், அந்த இரண்டு பேரும் மௌத்தாகும் வரைக்கும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்று வேலை எடுக்கும்போதே சொன்னார்கள். சனியன் பிடித்த வேலை என்று அப்போதே நினைத்தேன்.

நினைத்தது சரியாகத்தான் இருந்தது. அத்திவாரம் வெட்டிய முதல் நாளே மதிலுக்கு மேலால் ஒரு முக்காடும் இரண்டு கண்ணும் தெரிந்தன.

"பாஸ்! எங்கட எல்லையில இருந்து எத்தின அடி உட்டிரிக்கீங்க?"

"பிளான்ல உள்ளபடிதான் ராத்தா. யன்னல் வைக்காத சுவர்தான் இந்தப் பக்கம் வருகிது. எல்லையோட கட்டலாம். நகரசபையே ஓமெண்டு சொன்னது."

"நீங்க சொன்னாப் போதுமா? ஊட்டுக்காரி சொல்லட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நின்ற நிலையிலேயே நிஸ்றாவுக்கு வொய்ஸ் போட்டேன். பதில் வந்தபோது கை முழுக்க மண். போனைக் கல் அடுக்கின் மேல் வைத்து ஒலியைக் கூட்டிவிட்டேன்.

"வணக்கம் பாஸ். பக்கத்து ஊட்டாக்களுக்குச் சொல்லுங்க, அவங்கட ஒரு விரல் நிலமும் எங்களுக்கு வேணாம். பாஸ், அந்த மூலையில பாத்து வெட்டுங்க, ஒரு முருங்க நிண்ட இடம், வேர் இரிக்கும். உம்மா அந்த முருங்கைக்குக் கீழதான் மீன் வெட்டுவா. பூன எல்லாம் வந்து நிக்கும். ஒரு வெள்ளப் பூனை இரிந்திச்சி, கண்ணு ரெண்டும் ரெண்டு நிறம்..."

கேட்டது எத்தனை அடி என்று. வந்தது பூனைக் கதை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். மதிலுக்கு அப்பால் முக்காடு அசையவில்லை, பூனை முடியும் வரைக்கும் நின்றது. பிறகு ஒரு கை மதிலுக்கு மேலால் இஞ்சித் தேநீர்ப் போத்தல் ஒன்றை நீட்டியது. ஏசவும் செய்வாள், தேநீரும் தருவாள். என்ன சாதிப் பெண்ணோ என்று முணுமுணுத்துக்கொண்டு வாங்கிக் குடித்தேன்.

அன்றிலிருந்து விடவில்லை. மிக்சர் சத்தத்தில் காது அடைக்கிறதாம். காயப்போட்ட உடுப்பில் சீமெந்துத் தூளாம். மாடியில் எந்தப் பக்கம் யன்னல் வருகிறது, அங்கே நின்று பார்த்தால் தங்கள் கிணற்றடி தெரியுமா. நியாயமான கேள்விகள் முடிந்ததும் நியாயமில்லாதவை தொடங்கின. அடுப்படி எந்தப் பக்கம்? தரைக்கு என்ன நிறத்தில் மாபிள்?

"தரை மாபிளுக்கும் உங்கட வீட்டுக்கும் என்ன ராத்தா சம்பந்தம்?"

"கேட்டா என்ன கொறஞ்சா போறீங்க? அவக்கிட்டக் கேட்டுச் சொல்லுங்களன்."

அங்கே நிஸ்றாவும் இதற்குக் குறைந்தவள் இல்லை. "அவ என்ன சொன்னா? சொன்னபடியே சொல்லுங்க பாஸ். இல்ல, வேணாம், நீங்க சொன்னாப் பேச்சு மாறிரும். அவட வாயால ரெக்கோட் பண்ணி அனுப்புங்க." கோட்டுக்குப் போகச் சாட்சி சேர்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம் என்ன, வேலையை விட்டுவிட்டு வானொலிக்காரன் மாதிரி மதிலுக்கு மேலால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. ராத்தா திட்டுவாள், நான் அனுப்புவேன். நிஸ்றா கட்டாரிலிருந்து கால் மணி நேரம் பதில் சொல்வாள், நான் சத்தமாகப் போடுவேன். யன்னலுக்குக் கண்ணாடி எது என்று தொடங்கி, உம்மா நோன்புக்குக் கஞ்சி காய்ச்சிய பானை எங்கே போனது என்பதில் வந்து நிற்கும். "என்னகா இது, ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்று வீட்டில் ஆச்சிப்பிள்ளையிடம் கத்தினேன். அவள் சிரித்தாள்.

மேல்மாடிச் சுவர் எழுந்துகொண்டிருந்த ஒரு காலை. அடுப்படிக் குழாய் எந்த உயரத்தில் வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். பதில் வந்தது. வழமைபோல ஒலியைக் கூட்டி வைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அதோடு நின்றுவிட்டது. போன் பழுதாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே எங்கேயோ ஒரு வாகனம் போகிற சத்தம் கேட்டது, அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "வணக்கம் பாஸ், குழாய் கொஞ்சம் உயரத்தில இரிக்கட்டும்" என்று எப்போதும்போலத் தொடர்ந்தாள்.

எனக்கு அவள் ஒருநாளும் சலாம் சொன்னதில்லை. நான் வைரவருக்கு விளக்கு வைக்கிறவன், எனக்கு ஏன் சொல்லப் போகிறாள்? சாந்துக் கரண்டியோடு அப்படியே நின்றேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காற்றுக்குச் சொல்வதுபோல மெல்லமாக ஒரு குரல் வந்தது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

என்னைப் போல ஒரு மடையன் இந்த மட்டக்களப்பில் இருக்கமாட்டான். இத்தனை மாதமாகத் தூளும் இல்லை, சத்தமும் இல்லை, யன்னலும் இல்லை. தங்கச்சியின் குரலைக் கேட்கத்தான் இந்தப் பெண் நாள்தோறும் கல்லின் மேல் ஏறி நின்று என்னோடு சண்டை பிடித்திருக்கிறாள். அங்கே அவளும் அதற்காகவேதான் பூனையையும் பானையையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கோபக்காரனுக்கு அழுகை வந்தால் அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரியும்.

"ராத்தா, என்ன ராத்தா இது?" என்று மதிலடிக்குப் போய்க் கத்தினேன். "தங்கச்சியோட பேசோணுமெண்டா பேசுங்களன்! நம்பர் நான் தாறன்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகுதான் சொன்னாள். இந்த மதில் வருவதற்கு முன் இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலைக் கிடுகு வேலியாம். வேலியில் ஒரு கடப்பு. பெண்கள் தெருவுக்குப் போகாமல் வீட்டுக்கு வீடு போய்வருகிற வழி அது. உப்புக்கும் புளிக்கும் அதால்தான் போவார்கள், அழுவதற்கும் அதால்தான் போவார்கள். நிஸ்றாவின் கணவர் மதில் கட்டினார். கள்ளர் பயம் என்று சொல்லிக் கடப்பையும் கல் வைத்து மூடிவிட்டார்.

"நான் கண்ணால கண்டுட்டு நிண்டன் பாஸ். இவ வாயத் தொறந்து ஒரு சொல்லுச் சொல்லல்ல. எனக்கு வந்த ஆத்திரத்தில, இந்தக் கடப்பு தொறக்குமட்டும் உன்னோட கதைக்க மாட்டன் எண்டு அல்லாட பேரால சத்தியம் பண்ணிட்டன். மறுகா அவங்க கட்டார் போயிட்டாங்க."

"அப்ப இப்ப தொறப்பம். ஒரு நாள் வேல எனக்கு."

"எங்கால தொறக்கிற?" என்று அவள் பின்னால் கையைக் காட்டினாள். எட்டிப் பார்த்தேன். பழைய கடப்பு இருந்த இடத்தில் மதிலோடு ஒட்டி ஒரு குளியலறை நின்றது. மருமகன் இர்ஷாத் கட்டியதாம். வீடு இப்போது மகள் முப்லிஹாவின் பெயரில். வீட்டைக் கொடுத்துவிட்ட பிறகு அதை இடி இதைத் திற என்று ஒரு தாய் எப்படிச் சொல்வது?

"சத்தியத்துக்குப் பரிகாரம் இரிக்கி பாஸ், அது செய்யலாம். ஆனா போன எடுத்து என்னத்தப் பேச? இத்தின வருசம் கழிச்சி? பேச ஒரு வெசயம் வேணுமே. ஏசுறதெண்டா வெசயம் இரிக்கி."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் கேட்காத நாளில் நானே, "என்ன ராத்தா, இண்டைக்கு ஒரு முறைப்பாடும் இல்லயா?" என்று கூப்பிடுவேன். "இரிக்காம? உங்கட ஆக்கள் வெத்திலை துப்பின எச்சில் எங்கட மதில்ல பட்டிரிக்கி" என்பாள். அதற்கு நிஸ்றா, வாப்பாவின் வெற்றிலைத் தட்டத்தில் தொடங்குவாள். வேலை மெல்ல நகர்ந்தது. நானும் அவசரப்படவில்லை.

இதைக் கெடுத்தவன் ஒரு நல்லவன். அதுதான் எனக்கு இன்னும் கடுப்பு. செங்கலடியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிற இர்ஷாத், மாமி ஓயாமல் முறையிடுகிறார் என்று ஒழுங்கைக்குள் கதை வந்ததும் கவலைப்பட்டுப் போனான். வயது போன காலத்தில் அவருக்கு என்ன தலையிடி என்று நினைத்தானாம். நகரசபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவர் எல்லையை அளந்தார், யன்னலைப் பார்த்தார், மேலே ஏறிக் கிணற்றடி தெரிகிறதா என்று பார்த்தார். எல்லாம் சட்டப்படி சரி என்றார். என் வேலையில் பிழை கண்டுபிடிக்கமுடியாது என்று ஒரு காலத்தில் மார்தட்டியிருப்பேன். அன்றைக்கு ஒரு பிழையாவது இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

"மாமி, இனி ஒரு பிரச்சினையும் இல்ல. கேட்டீங்கதானே?" என்றான் இர்ஷாத், மிகவும் அன்பாக. "பாஸ், இனி ஏதும் எண்டா எனக்கு எடுங்க. மாமியக் கரச்சல் படுத்த வேணாம்."

"ஓம் மனே" என்றாள் உம்மு குல்தூம். என்னை ஒரு தடவை பார்த்தாள். கல்லை விட்டு இறங்கி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் முக்காடு தெரியவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான் பகல் சாப்பாடு முடிந்து ஊரே கண்ணயர்கிற நேரத்தில் மிக்சரை ஓடவிட்டேன். மதிலோடு ஒட்டிக் கல்லைப் போட்டு உடைத்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. நிஸ்றா ஒவ்வொரு நாளும் கேட்டாள்: "அவ ஒண்டும் சொல்லல்லயா பாஸ்?" இல்லை தங்கச்சி, எல்லாம் சரியாம் என்று சொன்னேன். "சரி" என்று பதில் வந்தது. கால் மணி நேரம் பேசுகிறவள், ஒரே ஒரு சொல். பிறகு அந்தச் சொல்லும் வராமல் பெருவிரல் தூக்கிய படம் மட்டும் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போன் எடுத்து ஏசினேன். "நான் என்ன தபால்காரனா? உங்கட ராத்தாதானே, எடுத்துக் கதைங்களன்!"

"என்னத்தக் கதைக்க பாஸ்? இப்ப ஒரு வெசயமும் இல்லயே."

அக்காள் சொன்ன அதே சொல். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? குடிபுகும்போதாவது வருவீர்களா என்று கேட்டேன். அதற்கு அவள் வொய்ஸில் பதில் போட்டாள். நான் அதை மாடியில் நின்று, வைக்கக்கூடிய அளவு சத்தமாக, அந்தப் பக்கம் பார்த்து வைத்தேன்.

"வரேலா பாஸ். அவருக்குச் சிறுநீரக வருத்தம், கிழமைக்கு மூணு தரம் இங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். உட்டுட்டு வரேலா. ஊட்ட வாடகைக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு. ஊட்டுக் கதவுத் திறப்ப அவர்ர தம்பிக்கிட்டக் குடுத்திருங்க. நான் அந்த மாபிள் தரையில கால் வைக்க மாட்டன் போல."

கீழே உம்மு குல்தூமின் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. ஆளைக் காணவில்லை. ஓரத்தில் முக்காட்டின் நுனி மட்டும் தெரிந்தது, அது வெகுநேரம் அசையாமல் இருந்தது. நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு வாடகைக்காரர் வந்து இந்த அடுப்படியில் நின்று அந்தக் குழாயைத் திறக்கப் போகிறார். அதோடு இந்த மதில் வெறும் மதிலாகிவிடும்.

கடைசி நாள் பீலி பூட்டுகிற வேலை. வழமைபோல நான்தான் ஏறினேன். வாவிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது, மாரிக்கு அதிக நாள் இல்லை. பீலியின் வாய் நிஸ்றாவின் வளவுக்குள் இருக்கும் மழைத் தண்ணீர்க் குழிக்குப் பார்க்கவேண்டும். அப்படித்தான் பூட்டினேன். கீழே இறங்கி, ஏணியை எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. திரும்பவும் ஏறினேன். பீலியின் வாயைக் கழற்றி, மதிலுக்கு மேலால், உம்மு குல்தூமின் முற்றத்தைப் பார்க்கத் திருப்பி வைத்து ஆணியை இறுக்கினேன். இந்தக் கையால் இப்படி ஒரு வேலை செய்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனை அடித்திருப்பேன். கதவைப் பூட்டித் திறப்பைத் தம்பிக்காரனிடம் கொடுத்துவிட்டு, களவு செய்தவன் மாதிரி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐப்பசியில் மழை தொடங்கியது. முதல் இரண்டு மழை தூறலோடு போய்விட்டது. நான் ஆகாயத்தைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக இருந்தேன். "என்ன, வயல் விதைச்சவர் மாதிரி மழை பாக்குறீங்க?" என்றாள் ஆச்சிப்பிள்ளை. மூன்றாவது மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அப்போதுதான் முப்லிஹாவின் போனிலிருந்து ஒரு வொய்ஸ்.

"பாஸ்! என்ன வேல பாத்து வெச்சிட்டுப் போயிரிக்கீங்க? உங்களுக்குக் கண் அவிஞ்சா போச்சி? கூரைத் தண்ணி முழுக்க எங்கட முத்தத்திலதான் விழுகுது! நிலம் குழி பறிஞ்சி போச்சி, எண்ட ரோசாக் கண்டெல்லாம் மிதக்குது. நான் மருமகனுக்குச் சொல்லமாட்டன், அவருக்கு இது வெளங்காது. ஊட்டுக்காரிக்கிட்டச் சொல்லுங்க. அவட ஊட்டுத் தண்ணி எங்கட வாசலுக்கு வந்து நிக்கிது எண்டு சொல்லுங்க." மழைச் சத்தம். அதற்குள் குரல் தணிந்தது. "அவர்ர வருத்தம் எப்பிடி இரிக்காம் எண்டும் கேளுங்க. நான் கேட்டன் எண்டு சொல்லுங்க."

கடப்பை மூடிய மனுசனைத்தான் கேட்கிறாள். நான் இரண்டு தடவை கேட்டேன். பிறகு கட்டாருக்கு அனுப்பினேன்.

அதற்குள் இர்ஷாத் போன் எடுத்துவிட்டான். முற்றத்து வெள்ளத்தை அவனும் பார்த்திருக்கிறான். பாஸ், நீங்களா இப்படிச் செய்தது, உங்கட வேலையில் நாங்கள் குறையே கண்டதில்லையே என்றான். வெட்கமாகத்தான் இருந்தது. விடிந்ததும் வந்து திருத்துகிறேன் தம்பி என்று சொன்னேன். சொன்னபடி விடியவே ஏணியை எடுத்து எங்கள் வீட்டு முற்றத்தில் சாத்திவைத்து, கருவிப் பையையும் கொண்டுவந்தேன். மழை சற்று விட்டிருந்தது. போன் கிணுகிணுத்தது, கட்டாரிலிருந்து வொய்ஸ்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா." அழுகிறாள் என்பது தெரிந்தது. அழுது, மூக்கை உறிஞ்சி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினாள். "ராத்தா, அவருக்கு இப்ப கொஞ்சம் பரவால்ல. நீங்க கேட்டதச் சொன்னன். மறுபக்கம் திரும்பிப் படுத்திட்டாரு, கண்ணு கலங்கிப் போச்சி. ரோசாக் கண்டு எந்தப் பக்கம் நட்டிரிக்கீங்க? உம்மா வெச்ச அந்தச் செவப்பா? நான் இன்னும் கேப்பன், நீங்க இன்னும் ஏசுங்க." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "பாஸ், கேக்குதா? அந்தப் பீலியத் திருத்திராதீங்க. மாரி முடியுமட்டும் அப்பிடியே இரிக்கட்டும்."

நான் அதை முப்லிஹாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிலுக்குள் வைத்தேன்.